கணவாயைத் திறந்த மலையணில்

இலந்தைப்பள்ளம் என்ற காட்டில் செம்பி என்ற மலையணில் தலைவியாக இருந்தது. மூன்று பக்கமும் மலை. நாலாவது பக்கம் ஒரே ஒரு கணவாய். அந்தக் கணவாயில் பஞ்சுருட்டான் பறவைகள் காவல் இருந்தன. அவை தேனீயைப் பறந்து பிடித்துத் தின்னும் பச்சைப் பறவைகள். வெளியிலிருந்து மலைத்தேனீக் கூட்டம் வந்தால் உள்ளே விடக்கூடாது, பள்ளத்தின் மரப்பொந்துகளில் வாழும் சிறு தேனீக்களைத் தொடக்கூடாது. இதுதான் அவற்றுக்கு இருந்த கட்டளை.

பள்ளத்தில் பூவுக்குக் குறைவில்லை. காய்க்குத்தான் குறைவு. நூறு பூ பூத்தால் பத்துக் காய். சிறு தேனீக்கள் கொஞ்சம்தான். அவை எத்தனை பூவுக்குத்தான் மகரந்தம் சுமக்கும்? பழம் தீர்ந்த மாதங்களில் எல்லா விலங்கும் கட்டாரியிடம் போய் நின்றன. கட்டாரி ஒரு முள்ளம்பன்றி. கிழங்கு எங்கே கிடக்கிறதென்று மூக்காலேயே சொல்லிவிடும். அது மண்ணைக் கிளறும், மற்றவை பின்னாலேயே தோண்டும். வயிறு நிறையாது, காயவும் காயாது.

ஒருநாள் மஞ்சமூக்கி என்ற மைனா, ஊர் சுற்றிவிட்டுத் திரும்பி வந்தது.

"செம்பியக்கா, பக்கத்து மலையைப் போய்ப் பார்த்தீர்களா? கிளை தரையைத் தொடுகிறது. அத்தனை பழம்! எல்லாம் மலைத்தேனீ செய்த வேலை. அந்த மலைக் கணவாயில் காவலும் இல்லை, கேள்வியும் இல்லை."

செம்பிக்கு நாக்கில் நீர் ஊறியது. "வந்தால் இங்கேயே இருப்பார்களா?" என்று கேட்டது.

"பூ இருக்கிற இடத்தை விட்டுத் தேனீ எங்கே போகும்?" என்றது மைனா.

பஞ்சுருட்டான்களின் தலைவன் ஊசிவாலனைச் செம்பி அழைத்துக் கேட்டது. அவன் யோசித்துச் சொன்னான்: "வரட்டும், தாயே. முதலில் ஏழெட்டுக் கூட்டம் வரட்டும். எப்படி இருக்கிறார்கள் என்று பார்ப்போம்."

"காவல் போனால் கணவாயில் உனக்குக் கிடைக்கும் இரையும் போய்விடும் என்று பயமா?" என்று சிரித்தது மைனா.

ஊசிவாலனுக்கு அந்தப் பேச்சு சுருக்கென்று தைத்தது. எண்ணிக்கைப் பேச்சை அவன் அதோடு விட்டுவிட்டான். அடுத்த வாரமே காவல் எடுக்கப்பட்டது. பஞ்சுருட்டான்கள் ஆற்றுப் பக்கம் தட்டாம்பூச்சி பிடிக்கப் போய்விட்டன.

மலைத்தேனீக்கள் வந்தன. முதல் ஆண்டு பாறை முகட்டில் மட்டும் கூடுகள் தொங்கின. அடுத்த ஆண்டு உயரமான மரம் ஒன்றுகூட மிச்சமில்லை. நாவல் காய்த்தது. இலந்தை காய்த்தது. பழுத்தது பாதி, மிதிபட்டது பாதி என்று காடே மணத்தது. மந்திக் கூட்டங்கள் வெளியிலிருந்து குடும்பத்தோடு குடியேறின. மான்கள் கொழுத்தன. வழக்கமாக ஒரு குட்டி போடும் செம்பி அந்த ஆண்டு மூன்று குட்டி போட்டது.

"தலைவி என்றால் இப்படி இருக்க வேண்டும்" என்று எல்லாரும் சொன்னார்கள். செம்பியும் அதை மறுக்கவில்லை.

கிழங்கு தோண்டுவதை யாரும் நினைக்கவேயில்லை. "கையில் பழம் இருக்க, நகத்தில் மண் எதற்கு?" என்றன மந்திகள். தோண்டின நிலமெல்லாம் முள் நிறைந்த உண்ணிச்செடி மண்டிப் புதராகிப் போனது. கட்டாரி மட்டும் பழக்கத்தை விடாமல் ஓர் ஓரத்தில் கிளறிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துக் குட்டிகள் கேலி செய்தன.

ஒருநாள் காலையில் ஒரு சிறு தேனீ செம்பியிடம் வந்தது. பறக்கவே திணறியது.

"அம்மா, நாங்கள் கண்விழிப்பதற்குள் பெரியவர்கள் எல்லாப் பூவையும் உறிஞ்சிவிடுகிறார்கள். எங்களுக்கு எதுவும் மிஞ்சுவதில்லை. ஆலமரத்துப் பொந்தில் இருந்த கூடு போன வாரம் அழிந்துபோனது."

செம்பிக்கு வருத்தமாகத்தான் இருந்தது. ஆனாலும் சொன்னது: "கொஞ்சம் பொறுத்துக்கொள்ளம்மா. ஊருக்கே நல்லது நடக்கிறது. நீங்களும் சீக்கிரமாக எழுந்து பாருங்கள்."

சிறு தேனீ திணறிக்கொண்டே பறந்து போனது.

மூன்றாம் ஆண்டு ஆவணி மாதம். இலந்தை மொட்டு வைத்திருந்தது. செம்பி பாறை மேல் உட்கார்ந்து பெரிய கூடு ஒன்றை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தது. தூதுபோன தேனீ ஒன்று வந்து கூட்டின் மேல் நெளிந்து நெளிந்து ஆடியது. பக்கத்தில் இருந்த பத்துத் தேனீ அதைப் பார்த்து ஆடின. கொஞ்ச நேரத்தில் கூடு முழுவதும் கொதிக்கிற உலைபோல ஆகிவிட்டது.

"என்ன விசேஷம்?" என்று செம்பி கேட்டது.

"மேற்கு மலையில் குறிஞ்சி பூத்துவிட்டது" என்றது தூதுத் தேனீ. "பன்னிரண்டு வருஷத்துக்கு ஒருமுறை. இங்கே ஒரு நாள் அலைந்து எடுக்கும் தேனை அங்கே ஒரு நாழிகையில் எடுத்துவிடலாம்."

"இலந்தை இன்னும் பத்து நாளில் பூத்துவிடும். அதுவரைக்குமாவது இருங்கள்."

"பத்து நாளா? பக்கத்துக் கூட்டம் கிளம்பிக்கொண்டிருக்கிறது. பிந்திப் போனால் நல்ல இடம் கிடைக்காது."

செம்பி அடுத்த மரத்துக்குத் தாவியது. அங்கேயும் தேனீக்கள் புறப்பட்டுக்கொண்டிருந்தன. "நீங்களும் குறிஞ்சிக்குத்தானா?" என்று கேட்டது.

"குறிஞ்சியா? அது என்ன?" என்றது அந்தத் தேனீ.

"பின்னே எதற்குப் போகிறீர்கள்?"

"எல்லாரும் போகிறார்களே!"

போகும்முன் கூட்டிலிருந்த தேன் முழுவதையும் அவை வயிற்றில் நிரப்பிக்கொண்டன. வழிப்பயணத்துக்கு வேண்டுமாம். உச்சிவேளைக்குள் கணவாய் தேனீக்களால் கறுத்தது, பிறகு வெளுத்தது. மரத்துக்கு மரம் வெறும் மெழுகு அடைகள் தொங்கின. செம்பி ஒன்றைப் பிட்டு நக்கிப் பார்த்தது. காய்ந்த ஓலையை நக்கியதுபோல இருந்தது.

இலந்தை பூத்தது, முன்னெப்போதையும்விட அதிகமாகப் பூத்தது. சிறு தேனீக்களும் அழிந்து கொஞ்சம்தான் மிஞ்சியிருந்ததால் பூக்களை அநேகமாக யாரும் தொடவில்லை. ஒரு வாரத்தில் எல்லாம் கொட்டி, காட்டுத் தரையில் பாய் விரித்தாற்போலக் கிடந்தது.

மார்கழியில் பசி வந்தது. மந்திகள் முதலில் மூட்டை கட்டின. வந்த வழியே கணவாயைக் கடந்து போய்விட்டன. மான்கள் பட்டையைக் கடித்தன. செம்பியின் கடைசிக் குட்டி ஒரு காலையில் கூட்டை விட்டு எழுந்திருக்கவில்லை. வாயைத் திறந்தது, சத்தம் வரவில்லை.

செம்பி மரத்திலிருந்து இறங்கிக் கட்டாரியைத் தேடிப் போனது. புதரருகே வந்து நின்றது. கட்டாரி நிமிர்ந்து பார்த்தது. காலடியில் கிடந்த ஒரு வள்ளிக்கிழங்கை மூக்கால் தள்ளிவிட்டது.

"மென்று ஊட்டு. குட்டிக்கு அப்படியே கொடுத்தால் தொண்டையில் அடைக்கும்."

"அண்ணே, நான்..."

"முதலில் குட்டியைப் பார். பேச்சு பிறகு."

குட்டி பிழைத்தது. மூன்றாம் நாள் செம்பி தன் கூட்டத்தைக் கூட்டிக்கொண்டு வந்து உண்ணிச்செடியைப் பிடுங்க ஆரம்பித்தது. கை கிழிந்தது, கால் கிழிந்தது. மான்களும் வந்து முட்டித் தள்ளின. பழைய கிழங்கு நிலத்தில் கால்வாசி வெளியே வந்தது. அதை வைத்துக் கோடை வரை தாக்குப்பிடித்தார்கள்.

காடு கூடிப் பேசியபோது மைனாதான் முதலில் கத்தியது: "நம்பவைத்து ஏமாற்றிவிட்டார்கள். இனி ஒரு வெளித்தேனீயும் இந்தப் பக்கம் தலைகாட்டக் கூடாது. கணவாயை அடைத்துவிடுவோம்."

"ஆமாம், அடைப்போம்" என்று பல குரல்கள் எழுந்தன.

செம்பி எழுந்து நின்றது. "ஏமாற்றவில்லை, மஞ்சமூக்கி. தேனீ தேன் இருக்கிற இடத்துக்குப் போனது. அது அதன் பிழைப்பு. எத்தனை நாள் இருப்பாய், போனால் என் கதி என்ன என்று நான்தான் கேட்கவில்லை. இரண்டு வருஷம் நம் குட்டிகள் வயிறாரத் தின்றதும் பொய்யில்லை. சிறு தேனீ வந்து அழுதபோது நான் காதில் வாங்கவில்லையே, அதுவும் பொய்யில்லை."

கணவாயை அடைக்கும் பேச்சு அதோடு நின்றது. அன்று சாயங்காலமே செம்பி ஒவ்வொரு பொந்தாக எட்டிப் பார்த்துக்கொண்டு போனது. முப்பது பொந்துக்கு மூன்றில்தான் உயிர் இருந்தது. மூன்றாவது பொந்தின் வாசலில் நின்று, "தவறு என்னுடையது. என்ன செய்தால் பிழைத்துக்கொள்வீர்கள்?" என்று கேட்டது.

"கீழ்ச்சரிவை எங்களுக்கு மட்டும் விட்டுவிடுங்கள், அம்மா. வேறு யாரும் அங்கே பூவைத் தொடக் கூடாது. மீதியை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்."

பிறகு செம்பி ஆற்றுப் பக்கம் போய் ஊசிவாலனைக் கூப்பிட்டது. அவன் எதையும் சொல்லிக் காட்டவில்லை. "எத்தனை கூட்டம் வரை விடலாம்?" என்று மட்டும் கேட்டான்.

"நீ அன்றைக்குச் சொன்னாயே, அத்தனை."

அடுத்த ஆண்டுக்குள் குறிஞ்சி வாடி உதிர்ந்திருந்தது. மலைத்தேனீக்கள் மேகம்போலத் திரும்பி வந்தன. கணவாயில் பஞ்சுருட்டான்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பதைக் கண்டு தயங்கின. பாறையில் செம்பி நின்றது.

"எட்டுக் கூட்டம் வரலாம்" என்றது செம்பி. "மேல்சரிவு உங்களுக்கு. கீழ்ச்சரிவில் இறங்கினால் ஊசிவாலன் பார்த்துக்கொள்வான். இலந்தை காய் பிடிக்கும்வரை யாரும் கிளம்பக் கூடாது. போகும்போது அடையில் பாதித் தேனை விட்டுவிட்டுப் போக வேண்டும்."

"மற்ற மலைகளில் இப்படியெல்லாம் கேட்பதில்லை" என்றது தூதுத் தேனீ.

"அப்படியானால் அங்கே தாராளமாகப் போங்கள். எங்களிடம் கிழங்கு இருக்கிறது."

தேனீக்கள் தங்களுக்குள் ரீங்காரமிட்டுப் பேசின. முக்கால்வாசிக் கூட்டம் முனகிக்கொண்டே வேறு மலைக்குத் திரும்பியது. மைனா பதறிப்போய், "எல்லாரும் போகிறார்களே, அக்கா" என்றது. செம்பி அசையவில்லை. கடைசியில் ஐந்து கூட்டம் மட்டும் கணவாய்க்குள் மெதுவாக நுழைந்தது.

அந்த ஆண்டு கிளைகள் தரையைத் தொடவில்லை. ஆனால் தை மாதத்தில் எந்தக் குட்டியும் பசியோடு தூங்கவுமில்லை.

வெளியிலிருந்து வரும் வளத்துக்கு வாசலைத் திறக்கலாம்; அது ஒரே நாளில் போய்விட்டாலும் வீட்டில் அடுப்பு எரியும்படி வழி செய்துகொண்ட பிறகுதான் திறக்க வேண்டும்.