எரிக்காத கைத்தாங்கி

இந்தக் கதைக்குக் காது மட்டும் போதாது. முடிவில் உங்களிடம் ஒரு தீர்ப்புக் கேட்பேன். அதனால் நடந்ததை ஒன்றுவிடாமல் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஏழு நாடுகளைச் சேர்த்து ஆண்ட ஒரு பேரரசின் மேற்கு ஓரத்தில், மலையடிவாரத்தில், முள்ளிக்காடு என்றொரு ஊர். அங்கே பாதி வீடுகளில் துப்பாக்கி உண்டு. சண்டைக்கு அல்ல, காட்டுப்பன்றிக்கு. ஒரு நாள் காவல் தவறினாலும் வருடத்துத் தினை முழுவதும் பன்றி வயிற்றுக்குப் போய்விடும்.

அந்த ஊர் மாசாணனுக்கு இடது கை மணிக்கட்டோடு போய்விட்டது. ஒற்றைக் கையால் துப்பாக்கியை எப்படிப் பிடிப்பது? கட்டையும் தோல்வாரும் வைத்து ஒரு கைத்தாங்கி செய்தான். அதைத் துப்பாக்கியில் மாட்டி முன்னங்கையோடு இறுக்கிக் கட்டினால் குறி அசையாது. அவன் சித்தப்பா என்று கூப்பிடும் பக்கத்துத் தினைக்கொல்லைக்காரர் பெரியகருப்பனுக்கு ஒரு காய்ச்சலுக்குப் பிறகு கை நடுக்கம். அவருக்கும் ஒன்று செய்துகொடுத்தான்.

இதெல்லாம் தலைநகருக்குத் தெரியுமா என்ன? சமவெளியில் கொள்ளைக்காரர்கள் இதே மாதிரித் தாங்கியை மாட்டிக்கொண்டு, குதிரை மேல் இருந்தபடியே ஒரு கையால் சுட்டார்கள். உடனே ஆணை பிறந்தது. கைத்தாங்கிகளை எல்லாம் பத்து நாளுக்குள் எரித்துவிட வேண்டும். மறைத்து வைப்பவனின் துப்பாக்கி ஆயுளுக்கும் பறிக்கப்படும்.

ஓலை வந்தபோது அம்மன் கோயில் திருவிழாவுக்குக் காப்புக் கட்டியிருந்தார்கள். அந்த எட்டு நாளும் கோயில் மேளம் தவிர, ஆணையை அறிவிக்கும் ஊர்ப்பறைகூட ஒலிக்கக் கூடாது. மணியக்காரர் நல்லப்பர் என்ன செய்தார்? கொளுத்தும் வெயிலில் வீடுவீடாக நடந்து, வாயாலேயே சொல்லி முடித்தார். பாவம், மனிதருக்குக் கால் வீங்கிவிட்டது.

பெரியகருப்பன் மறுநாளே சாவடி முன்னால் தன் தாங்கியை எரித்தார். மாசாணனும் எரித்தான். ஆனால் அவன் எரித்தது உளுத்துப்போன ஏர்க்கட்டை ஒன்றை. உண்மையான தாங்கி அவன் கொல்லைக் குடிசையின் கூரைக்குள் போய்ச் செருகிக்கொண்டது.

மூன்று மாதம் கழிந்தது. ஒருநாள் பொழுது சாயும் நேரத்தில் பெரியகருப்பனின் கொல்லைக்குள் பன்றி புகுந்தது. அவர் சுட்டார். நடுங்கிய கையில் குண்டு எங்கோ போக, பன்றி அவரைக் கீழே தள்ளித் தொடையைக் கிழித்தது. அலறல் கேட்ட மாசாணன் கூரையிலிருந்து தாங்கியை உருவிக் கட்டிக்கொண்டு ஓடினான். ஒரே குண்டு. பன்றி விழுந்தது, பெரியகருப்பன் பிழைத்தார்.

கூட்டத்தோடு ஓடிவந்த மணியக்காரரின் கண்ணில் தாங்கிதான் முதலில் பட்டது.

"இதென்னடா மாசாணா?"

"தாங்கிதானுங்க. அன்னிக்கு எரிக்கல."

"தப்புன்னு தெரியுமில்ல?"

"தெரிஞ்சுதானுங்க கட்டுனேன். இல்லாட்டி சித்தப்பா செத்திருப்பாரு."

துப்பாக்கியைப் பிடுங்கிக்கொண்டு, மாசாணனை நாட்டு நீதிபதியிடம் இழுத்துப்போனார் மணியக்காரர். காயம்பட்ட பெரியகருப்பனும் சாட்சி சொல்ல வண்டியில் வந்தார். அங்கேதான் விசித்திரம். வழக்கைக் கேட்ட நீதிபதி நெற்றியைச் சுருக்கினார்.

"எந்தத் தடை? அது செல்லாது என்று தலைநகரே விலக்கிவிட்டதே! உமக்கு ஓலை வரவில்லையா?"

மணியக்காரர் பதறவே இல்லை. மடியிலிருந்து ஓலையை எடுத்து நீட்டினார். "பன்றி வர்றதுக்கு ஒரு வாரம் முந்தியே வந்துடுச்சுங்க. அப்ப ஊர்ல ஒரு சாவு. பதினாறாம் நாள் காரியம் முடியாம ஊர்ப்பறை அடிக்கிற வழக்கம் எங்களுக்கு இல்லீங்க. பறை அறையாத வரைக்கும் எங்க ஊருக்குப் பழைய ஆணைதானுங்களே?"

கேட்டீர்களா? மாசாணன் தெரிந்தே மீறியது, உயிரோடு இல்லாத ஒரு தடையை. பெரியகருப்பன் தொடை கிழிந்து கிடந்ததும் அதே செத்த தடைக்குப் பணிந்ததால்தான். மணியக்காரரோ ஊர் வழக்கத்தைக் காத்தேன் என்கிறார். துப்பாக்கி திரும்பாவிட்டால் மாசாணனுக்குக் கொல்லை இல்லை. கொல்லை இல்லாவிட்டால் அவன் குடும்பத்துக்கு அந்த ஊரில் பிழைப்பே இல்லை.

இப்போது சொல்லுங்கள். இந்த மூவரில் குற்றவாளி யார்?

விடை: மணியக்காரர்தான். தடை வந்தபோதும் பறை அடிக்க முடியாத நாள்தான். அன்று கால் வீங்க நடந்தவர், விலக்கு வந்தபோது வழக்கத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். தடையைச் சொல்லத் தாமதித்தால் தன் பதவி போகும். விலக்கைச் சொல்லத் தாமதித்தால் போவது அடுத்தவன் துப்பாக்கிதானே! எனக்கு இன்னும் அவர்மேல் கோபம் ஆறவில்லை. நீதிபதி அவரைப் பதவியிலிருந்து இறக்கினார். ஏர்க்கட்டையை எரித்து ஏய்த்ததற்கு மாசாணனை நன்றாக வைதுவிட்டு, துப்பாக்கியைத் திருப்பிக் கொடுத்தார். அப்போது பெரியகருப்பன் கட்டுப்போட்ட காலோடு எழுந்து நின்றார். "எல்லாஞ் சரிங்க சாமி. இவரு சொன்ன மறுநாளே நான் எரிச்சேனுங்களே, எனக்கு என்னங்க?" நீதிபதி ஓலையை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். அதைப் பற்றி அதில் ஒரு வரிகூட எழுதியிருக்கவில்லை.