இறக்கத்தில் நியூட்ரல்

"மூணாவது தடவை வந்திருக்கேன் வாத்தியாரம்மா. நீங்க சரி பண்றீங்க, பத்தே நாள்ல திரும்பக் குலுங்குது. உங்களுக்கு வேலை தெரியுமா தெரியாதா?"

ரெஜினாவின் ஷெட்டுக்குள் காரை நிறுத்தியதும், வணக்கம்கூடச் சொல்லாமல் மாசிலாமணி இப்படித்தான் ஆரம்பித்தார்.

ரெஜினாவுக்குக் கோபம் வரவில்லை. திண்டுக்கல்லில் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் என்றால் மற்ற மெக்கானிக்குகளே அவளிடம்தான் அனுப்புவார்கள். வயது முப்பத்து மூன்று. தொழிலில் பட்டப்பேர் வாத்தியார்.

"உக்காருங்கண்ணே."

"உக்கார வரல."

"சரி, நில்லுங்க."

அவர் நின்றார். அறுபத்திரண்டு வயது. அரசு பஸ்ஸில் முப்பத்தோரு வருஷம் டிரைவர். ரிட்டயர் ஆன பிறகு மகள் வாங்கிக் கொடுத்த கார் இது. கிளட்ச் கிடையாது. கியர் தானே மாறும். அதுதான் தலைவலி.

"போன தடவை என்ன சொன்னேன்?" ரெஜினா கேட்டாள்.

"என்னமோ சொன்னீங்க. பழகும்னு."

"இந்த கியர் பெட்டி ஓட்டறவங்க காலைப் பாத்துப் பழகும்ணே. ஆக்ஸிலேட்டரை மிதிச்சு மிதிச்சு எடுத்தா எந்த கியர்ல நிக்கிறதுன்னு அதுக்குத் தெரியாது. அந்தத் தடுமாற்றத்தையே மனப்பாடம் பண்ணிக்கும். அப்புறம், ஓட்டத்துல நியூட்ரலுக்குத் தள்ளாதீங்கன்னு சொன்னேன்."

"நான் தள்றதே இல்ல."

அவர் பொய் சொல்லவில்லை. நம்பித்தான் சொன்னார்.

"டிப்போவுல மைலேஜுக்கு ஒன்பது தடவை கைதட்டு வாங்கினவன்மா நான். மேட்டுல மிதி, இறக்கத்துல விடு. என் வண்டி டீசல் குடிக்காது, மோந்து பாக்கும். எனக்கா ஓட்டத் தெரியாது?"

"தெரியும்ணே. யாரு இல்லன்னா."

ரெஜினா லேப்டாப்பை எடுத்து வந்து ஸ்டியரிங்குக்குக் கீழே வயரைச் செருகினாள். பின் சீட்டில் தனபாக்கியம் உட்கார்ந்திருந்தார். மாசிலாமணியின் மனைவி. இடுப்புக்குப் பின்னால் ஒரு தலையணை.

"வாங்கக்கா. முதுகு எப்படி இருக்கு?"

"இருக்கும்மா. முதுகுன்னு ஒண்ணு இருக்குதுன்னு நல்லாவே தெரியுது."

ஆபரேஷன் ஆகி ஏழு வாரம். தண்டுவடத்தில் கம்பி. வாரம் மூன்று நாள் ஆஸ்பத்திரியில் உடற்பயிற்சிக்குப் போகணும். போகாவிட்டால் கால் மரத்தே போய்விடும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஒவ்வொரு குலுக்கலுக்கும் அந்தக் கம்பியில் யாரோ சுத்தியலால் தட்டுகிற மாதிரி இருக்குமாம்.

மாசிலாமணி ரெஜினாவைக் கொஞ்சம் தள்ளிக் கூட்டிப் போனார். குரல் இறங்கியது.

"நேத்து என்ன சொன்னா தெரியுமா? ஷேர் ஆட்டோவே தேவலைங்கன்னா."

ரெஜினா பின் சீட்டுப் பக்கம் எட்டிப் பார்த்தாள்.

"ஊரையே ஏத்திட்டுப் போனேன்மா. கட்டுனவள ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக முடியல."

பெட்டி படித்து வைத்திருந்ததை எல்லாம் ரெஜினா மூன்றாவது தடவையாக அழித்தாள். கால் மணி நேரம் ஆனது.

"இப்போ அதுக்கு உங்களைத் தெரியாது. வாங்க, ரயில்வே மேம்பாலம் வரை போயிட்டு வருவோம். நான் ஓட்டறேன். நீங்க பக்கத்துல."

அவர் ஏறினார்.

"அப்படி இல்லண்ணே. பின்னாடி திரும்பி உக்காருங்க."

"எதுக்கு?"

"ரோட்டைப் பாக்காதீங்க. அக்காவைப் பாருங்க."

"அவளை நாப்பது வருஷமா பாக்குறேன்."

"பாருங்கண்ணே."

முழங்காலை சீட்டுக்கு முட்டுக்கொடுத்து, கோயில் தேரில் உட்கார்ந்த பிள்ளை மாதிரித் திரும்பி உட்கார்ந்தார். தனபாக்கியத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"என்னங்க, எக்ஸிபிஷனா?"

வண்டி மேம்பாலம் ஏறியது, இறங்கியது. தனபாக்கியம் பூட்டுக்கடைகளை வேடிக்கை பார்த்தார். கை மடியில் கிடந்தது. இறக்கத்தில் ஒரு கொட்டாவி விட்டார்.

மாசிலாமணிக்குச் சுருக்கென்றது. தன் வண்டியில் இவள் கொட்டாவி விட்டு அவர் பார்த்ததே இல்லை.

பாலத்துக்கு அந்தப் பக்கம் ரெஜினா வண்டியை ஓரம் கட்டினாள்.

"இப்போ நீங்க."

அவர் டிரைவர் சீட்டில் உட்கார்ந்ததும் ரெஜினா நடுக்கண்ணாடியைத் திருப்பினாள். அதில் ரோடு தெரியவில்லை. தனபாக்கியம் மட்டும் தெரிந்தார்.

"பின்னாடி வர்ற வண்டி?"

"சைடு கண்ணாடி இருக்கு. நானும் பாத்துக்கறேன்."

கிளம்பினார். ஏற்றத்தில் வண்டி வெண்ணெய் மாதிரிப் போனது. குலுக்கலே இல்லை. அவருக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. பாலத்தின் உச்சி. இறக்கம் ஆரம்பித்தது.

கண்ணாடியில் தனபாக்கியத்தின் கை போய்க் கதவுப் பிடியைக் கவ்வியது. முதுகு தலையணையை விட்டு எழும்பியது. உதடு இறுகியது.

எதுக்கு? குலுங்கவே இல்லையே.

மாசிலாமணி குனிந்து பார்த்தார்.

அவருடைய இடது கை கியரைப் பிடித்திருந்தது. நியூட்ரலுக்குத் தள்ள இன்னும் ஒரு விரக்கடைதான்.

எப்போது அங்கே போனது? அவருக்குத் தெரியாது.

கையைச் சுட்டதுபோல் எடுத்தார்.

ரெஜினா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"கண்ணாடி அப்படியே இருக்கட்டும்," என்றார் மாசிலாமணி. கீழே இறங்கி, வண்டியைத் திருப்பி, மறுபடி பாலம் ஏறினார். இந்தத் தடவை இரண்டு கையும் ஸ்டியரிங்கில். கால் ஒரே அழுத்தத்தில். வலது காலில் நரம்பு துடித்தது. எடுக்கலாமா, எடுக்கலாமா என்று அது கெஞ்சியது. எடுக்கவில்லை.

உச்சி வந்தது. இறக்கம் வந்தது. வண்டி துளியும் குலுங்கவில்லை.

கண்ணாடியில் அந்தக் கை மறுபடி போய்ப் பிடியைக் கவ்வியது.

கீழே வரும்வரை விடவில்லை.

வண்டியை நிறுத்தினார்.

"தனம். இப்போ குலுங்குச்சா?"

"இல்லங்க. நல்லாத்தான் வந்துச்சு."

"பின்ன ஏன் பிடிச்ச?"

"பிடிச்சேனா?"

தனபாக்கியம் தன் கையைப் பார்த்தார். அது இன்னும் கதவுப் பிடியில்தான் இருந்தது. வேறு யாருடைய கையையோ எடுப்பதுபோல் மற்றக் கையால் மெதுவாக எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

மாசிலாமணி ரெஜினா பக்கம் திரும்பினார்.

"வாத்தியாரம்மா, பெட்டி புதுசா பழக எத்தனை கிலோமீட்டர் ஆகும்னீங்க?"

"முந்நூறு ஆகும். ஒரே மாதிரி ஓட்டினா."

"அதைக் கேக்கல..." என்று ஆரம்பித்தவர், முடிக்காமல் கண்ணாடியில் மனைவியின் கையைப் பார்த்தார்.

ரெஜினா கதவைத் திறந்தாள்.

"எங்கம்மா இறங்குறீங்க? ஷெட்டு ரெண்டு கிலோமீட்டர் இருக்கே."

"நடந்துக்கிறேண்ணே. நீங்க ஓட்டுங்க."

அவள் கதவைச் சாத்திவிட்டு ஓரமாக நடக்க ஆரம்பித்தாள்.

"வீட்டுக்குப் போலாமாங்க?" என்றார் தனபாக்கியம்.

"போலாம்."

மாசிலாமணி இண்டிகேட்டரைப் போட்டார். வண்டியை மறுபடியும் பாலத்துக்கே திருப்பினார்.