அழுங்கு முகம் மறைத்த கதை

அந்தக் காலத்தில் எறும்பு பேசினால்கூட எல்லோருக்கும் கேட்கும். அப்போது அழுங்கு, அதுதான் எறும்புதின்னி, இப்போது இருக்கிற மாதிரி இல்லை. அது ஒரு பறவைநாகம். உடம்பெல்லாம் செதில், இரண்டு பெரிய இறக்கை, வாய் நிறையப் பல், வாயை அகலத் திறந்தால் நெருப்பு. ஆனாலும் அதைப் பார்த்து யாரும் பயந்ததில்லை. அதன் பக்கத்தில் உட்கார்ந்தால் கதகதப்பாக இருக்கும். குளிர் நாட்களில் காட்டிலுள்ள தாய்மார் எல்லோரும் தங்கள் குஞ்சு குட்டிகளை அதனிடம் விட்டுவிட்டுத்தான் இரை தேடப் போவார்கள்.

ஒரு மார்கழிக் காலையில் கௌதாரி வந்தது.

"அக்கா, முட்டை சில்லுன்னு ஆகுது. கொஞ்சம் பார்த்துக்கங்க. ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டு ஓடி வந்துடுறேன்."

"போயிட்டு வா. நான் எங்க போகப் போறேன்?" என்றது பறவைநாகம்.

அதுவும் அப்போதுதான் குட்டி போட்டிருந்தது. குட்டி பால் கேட்டுக் கேட்டு மூன்று நாளாகக் கண்ணை மூட விடவில்லை. நான்கு முட்டைகளையும் முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்தது. தன்னை அறியாமல் ஒரு கொட்டாவி விட்டது. அவ்வளவுதான். நான்கும் கரியாகிவிட்டன.

அதற்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அவசரமாகக் கரியை மண்ணில் புதைத்தது. கௌதாரி வந்து, "எங்கக்கா என் முட்டை?" என்று கேட்டதும், உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தது. வந்தது வேறு.

"கீரி வந்துட்டுப் போச்சு."

காடே கூடிவிட்டது.

"என் பிள்ளைங்க மேல சத்தியம், நான் இந்தப் பக்கமே வரலை," என்று கீரி அழுதது.

"முட்டைன்னா நீ விடுவியாக்கும்?" என்றது நரி.

பறவைநாகம் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றது.

கூட்டம் கலைந்த பிறகு அதன் காலடியில் சின்னச் சின்னக் குரல்கள் கேட்டன. எறும்புகள்.

"நாங்க பார்த்தோம்."

"மெதுவாப் பேசுங்க," என்றது பறவைநாகம்.

"பார்த்தோம், பார்த்தோம்."

பறவைநாகம் குனிந்து, அவற்றை நக்கி, விழுங்கிவிட்டது. புற்றுக்குள் இருந்தவை பேசின. புற்றைத் தோண்டியது. அடுத்த புற்றிலும் அதே பேச்சு. மூன்று நாள் தோண்டித் தோண்டித் தின்றது. விழுங்க விழுங்க வயிற்றிலிருந்த நெருப்பு அவிந்தது. நெருப்பு நீண்ட வாயில் நாக்குதான் நீண்டது. மண்ணைக் கடித்துப் பல்லெல்லாம் கொட்டியது. பறக்காத இறக்கை உதிர்ந்தது.

நான்காம் நாள் கௌதாரி வந்து நின்றது.

"அந்த எறும்புங்க என்னக்கா பாவம் பண்ணுச்சு? நான் மண்ணைக் கிளறிப் பிழைக்கிறவ. கரியை அன்னைக்கே பார்த்துட்டேன். கீரிகிட்டயும் போய் மன்னிப்புக் கேட்டுட்டேன். அன்னைக்கு நீங்க குட்டியால மூணு நாளாத் தூங்கலைன்னு எனக்குத் தெரியாதா? நீங்களா வந்து ஒரு வார்த்தை சொல்லுவீங்கன்னுதான் காத்திருந்தேன்."

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருக்கும். பறவைநாகம் குட்டியை வயிற்றோடு அணைத்தது. தலையை அதன்மேல் கவிழ்த்து, வாலால் மூடிச் சுருண்டுகொண்டது.

"அக்கா... அக்கா..." என்று கௌதாரி வெகுநேரம் கூப்பிட்டுப் பார்த்தது. செதில்தான் தெரிந்தது.

அன்று முதல்தான் அழுங்கு பகலில் வெளியே வருவதில்லை. யார் காலடிச் சத்தம் கேட்டாலும், அடிக்க வருகிறார்களா, பேச வருகிறார்களா என்றுகூடப் பார்க்காமல் முகத்தை மறைத்துச் சுருண்டுவிடுகிறது.