மூன்று நாள் போர்வை

"தேய்க்கத் தேய்க்க மறுபடி வந்துடுது," என்றார் அருள்தாஸ். "தொட்டிக் கண்ணாடியெல்லாம் பாசி. தண்ணியும் பச்சை. நான் என்னதான் பண்றது?"

ரஹீமா நிமிரவில்லை. வலையில் சிக்கிய மீன் குஞ்சுகளை ஒரு வாளியிலிருந்து இன்னொரு வாளிக்கு மாற்றிக்கொண்டிருந்தாள்.

கொளத்தூர் வண்ண மீன் சந்தையில் அவள் கடைதான் ஆகச் சிறியது. வயது இருபத்தெட்டு. கேட்ட கேள்விக்குச் சரியான பதில் வராவிட்டால் மீன் தர மாட்டாள். பக்கத்துக் கடைக்காரர்கள் கேலிக்கு ‘வாத்தியாரம்மா’ என்று கூப்பிட்டார்கள். நாளாவட்டத்தில் கேலி போய்விட்டது, பேர் நிலைத்துவிட்டது.

அருள்தாஸுக்கு ஐம்பத்தைந்து. மின்வாரியத்தில் மேற்பார்வையாளர். மகள் வயதுப் பெண்ணிடம் யோசனை கேட்டு நிற்பது அவருக்கே பிடிக்கவில்லை. ஆனால் மற்ற கடைகள் கொடுத்த மருந்துப் புட்டிகள் எல்லாம் தீர்ந்துவிட்டன. தொட்டியில் இருந்த ஐந்து மீனில் ஒன்றுதான் மிச்சம்.

"அதுவும் போனா வேற வாங்கிக்கலாமே சார்," என்றாள் ரஹீமா.

"அது செலினோட மீன்."

செலின் அவர் மகள். கல்லூரியில் இரண்டாம் வருஷம். அப்பாவோடு பேசி நாலு மாதம் ஆகிறது. சாயங்காலம் பத்து நிமிஷம் மட்டும் அறையை விட்டு வந்து, தொட்டி முன்னால் உட்கார்ந்துவிட்டுப் போவாள். அந்தப் பத்து நிமிஷம்தான் அவருக்கு மகள் இருக்கிற நேரம். மீன் செத்துவிட்டால் அவள் வெளியே வர ஒரு காரணமும் இருக்காது.

அவர் சொல்லி முடித்ததும், மகள் ஏன் பேசுவதில்லை என்று ரஹீமா கேட்டாள்.

அவர் சுற்றி வளைத்தார். காலம் கெட்டுக் கிடக்கிறது என்றார். பேப்பரைத் திறந்தாலே பயமாக இருக்கிறது என்றார். அவள் குளிக்கப் போன நேரத்தில் அவள் போனை எடுத்து மேலிருந்து கீழ்வரை படித்ததை மட்டும் கடைசியில், குரலை இறக்கிச் சொன்னார்.

"என்ன இருந்துச்சு?"

"ஒண்ணுமில்லை."

அப்பன் பார்க்கக் கூடாதது ஒரு பெண்ணுக்கு என்ன இருக்கிறது என்று தானாகவே சேர்த்துக்கொண்டார். இப்படிக் கேட்கிறவர்கள் யாரும் பதிலுக்காகக் கேட்பதில்லை.

ரஹீமா வாளியை ஓரமாக நகர்த்தினாள். தொட்டி விளக்கு எத்தனை மணி நேரம் எரிகிறது என்று கேட்டாள்.

கண் விழித்ததும் போட்டால் படுக்கப் போகும்போதுதான் அணைப்பாராம். மகள் பார்க்க வரும்போது பளிச்சென்று இருக்கட்டுமே. தீனியா? வெளியே கிளம்பும்போது ஒரு சிட்டிகை, திரும்பி வந்தால் ஒரு சிட்டிகை, பாவம் பார்த்தால் இன்னொரு சிட்டிகை.

அவள் உள்ளே போய் ஒரு கறுப்புப் போர்வையை எடுத்து வந்து அவர் கையில் வைத்தாள்.

"மூணு நாள் மூடி வைங்க. வெளிச்சமும் வேண்டாம், தீனியும் வேண்டாம். காத்து மோட்டார் மட்டும் ஓடட்டும்."

"செத்துடாதா?"

"சாகாது."

"எப்படித் தெரிஞ்சுக்கறது?"

"நாலாம் நாள் தெரியும்."

நாலாம் நாள் அவர் கடைக்கு வந்தார். முகம் சிவந்திருந்தது. தண்ணீர் பச்சையாகவேதான் இருக்கிறது, உன் வைத்தியமும் இவ்வளவுதானா என்றார்.

"எத்தனை தடவை திறந்தீங்க?"

"திறக்கலை."

ரஹீமா வலையைக் கீழே வைத்துவிட்டு அவர் முகத்தைப் பார்த்தாள்.

"பார்த்தேன். அவ்வளவுதான்."

பார்த்தது எப்படியென்றால், போர்வையைப் பாதி மடக்கிவிட்டு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து. காலையில் அரை மணி, மதியம் லீவு போட்டு ஒரு மணி. இரண்டாம் நாள் மனசு கேட்காமல் ஒரு சிட்டிகை தீனியும் போட்டிருக்கிறார். அக்கறை இருக்கிறவன் பார்க்காமல் இருப்பானா என்று வாதாடினார்.

"பார்த்தப்போ உயிரோட இருந்துச்சா?"

"ஒவ்வொரு தடவையும் இருந்துச்சு."

"அப்புறம் எதுக்கு சார் அடுத்த தடவை?"

 

ரஹீமா சின்ன வாளி ஒன்றில் ஒரு மீனை விட்டு, மூடியை வைத்து அவர் காலடியில் வைத்தாள். ஸ்டூலைக் காட்டினாள்.

"உக்காருங்க. மூடியைத் தொடாதீங்க."

அவர் உட்கார்ந்தார். ஆட்கள் வந்தார்கள், போனார்கள். ஒருத்தர், என்ன சார், வாத்தியாரம்மா உங்களையும் உட்கார வெச்சுட்டாங்களா என்று சிரித்துவிட்டுப் போனார். அருள்தாஸின் கை இரண்டு முறை மூடிப் பக்கம் போய்த் திரும்பியது. பிறகு அவர் குனிந்தார். இன்னும் குனிந்தார்.

உள்ளே, மிக லேசாக, தண்ணீர் ‘சளக்’ என்றது.

"இருக்கு," என்றார்.

"வீட்டுக்குப் போங்க," என்றாள் ரஹீமா.

மறுபடியும் மூன்று நாள்.

முதல் நாள் அவர் தொட்டி இருக்கும் கூடத்துக்கே வரவில்லை. இரண்டாம் நாள் வந்து, கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். மூன்றாம் நாள் சாயங்காலம் செலின் வந்தாள். தொட்டி முன்னால், அந்தக் கறுப்புப் போர்வைக்கு முன்னால், பத்து நிமிஷம் உட்கார்ந்திருந்தாள். பார்க்க அங்கே ஒன்றுமில்லை. அவருக்கு நூறு கேள்வி வந்தது. ஒன்றையும் கேட்கவில்லை.

நாலாம் நாள் காலை போர்வையை எடுத்தார்.

தண்ணீர் தெளிந்திருந்தது. பின்பக்கக் கண்ணாடியில் மட்டும் கொஞ்சம் பாசி மிச்சம். மீன் அங்கே போய் அதைக் கொறித்துக்கொண்டிருந்தது. அவர் அதைத் தேய்க்கப் போகவில்லை.

இதை உடனே சொல்ல வேண்டும். விறுவிறுவென்று செலினின் அறைக்குப் போனார். எப்போதும் போல கதவைத் தள்ளக் கை நீட்டினார்.

கை அப்படியே நின்றது.

கதவு பூட்டியிருக்கவில்லை. பூட்ட முடியாது. அவள் பத்தாவது படிக்கும்போது, கதவைச் சாத்திக்கொண்டு என்ன படிப்பு என்று உள் தாழ்ப்பாளைக் கழற்றி எறிந்தவர் அவர்தான்.

தட்டுவது எப்படி என்று அவர் விரல்களுக்குத் தெரியவில்லை.  செருப்பைப் போட்டுக்கொண்டு தெருமுனை ஹார்டுவேர் கடைக்கு நடந்தார்.

"தாழ்ப்பாள் ஒண்ணு வேணும்."

"எதுக்கு சார்?"

"பொண்ணோட ரூமுக்கு."

கடைக்காரர் புரிந்தவர் போலத் தலையாட்டினார். வயசுப் பொண்ணு, வெளிப்பக்கம் போடறதுன்னா பூட்டு மாட்டற மாதிரி பெரிசா இருக்கு, எடுக்கவா என்று கேட்டார்.

"இல்லை," என்றார் அருள்தாஸ். "உள்பக்கம்."