பீர்க்கநார்ப் பட்டை

தாமிரபரணிக் கரையில் நீர்காத்தலிங்கம் என்று ஒரு குரு இருந்தார். குருவுக்கு வயது நாற்பத்திரண்டு. அவருடைய சீடர் குற்றாலிங்கத்துக்கு அறுபத்தொன்று. குரு சீடரை ‘அண்ணாச்சி’ என்றுதான் கூப்பிடுவார். சீடர் குருவை ‘சாமி’ என்பார். கேட்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும். அவர்கள் இருவருக்கும் ஒருநாளும் வந்ததில்லை.

குரு முன்பு சலூன் வைத்திருந்தவர். இருபது வருஷம் ஊர்க்காரர்களின் தலையையும் தாடையையும் கவனித்துவிட்டு, ஒருநாள் கடையைச் சாத்திக்கொண்டு ஆற்றங்கரைக்கு வந்துவிட்டார். அரிப்பு, வறட்டுத் தோல், சொறி என்று வருகிறவர்களுக்குப் பயத்தமாவோடு ஆவாரம்பூவும் வெட்டிவேரும் சேர்த்து அரைத்த பொடி கொடுப்பார். கூடவே ஒன்றிரண்டு வார்த்தை சொல்வார்.

குற்றாலிங்கம் மில்லில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தம்பி பாபநாசத்தின் வீடுதான் அவர் வீடு, தம்பி மகள் உலகம்மைதான் அவர் மகள். நாற்பது வருஷம், சனிக்கிழமை தவறாமல் அண்ணனும் தம்பியும் எண்ணெய் தேய்த்துக்கொண்டு ஆற்றுக்கு வருவார்கள். அண்ணன் முதுகைத் தம்பி தேய்ப்பார், தம்பி முதுகை அண்ணன் தேய்ப்பார். பிறகு இட்லிக்கடை.

வினை கல்யாணப் பத்திரிகையில் வந்தது. உலகம்மையின் கல்யாணத்துக்குப் பெரியவர்கள் பெயரெல்லாம் ஜோடி ஜோடியாக அச்சாகியிருந்தது. ஜோடி இல்லாத மனுஷரை எந்த வரிசையில் வைப்பது என்று தெரியாமல், எல்லாருக்கும் கடைசியில் ‘மற்றும் சி. குற்றாலிங்கம்’ என்று போட்டுவிட்டார்கள்.

அந்த ‘மற்றும்’ அவர் நெஞ்சில் தைத்துவிட்டது. தூக்கி வளர்த்த பிள்ளையின் கல்யாணத்தில் நான் மற்றுமா என்று கேட்டார். அச்சுக்காரன் செய்த வேலை என்றார் தம்பி. நீ படித்துப் பார்க்காமலா அச்சுக்குக் கொடுத்தாய் என்றார் அண்ணன். கல்யாணத்தன்று வந்து அட்சதை போட்டார், பந்தியில் உட்காராமல் கிளம்பினார். அடுத்த வாரமே தனி வீடு பார்த்துப் போய்விட்டார். அதோடு பேச்சு நின்றது. மூன்று வருஷமாகிவிட்டது.

பேச்சோடு முதுகு தேய்ப்பதும் நின்றது. கை எட்டுகிற இடமெல்லாம் நன்றாகத்தான் இருந்தது. எட்டாத நடுமுதுகு மட்டும் கறுத்துச் சொரசொரத்துப் பலாப்பழத் தோல் மாதிரி ஆகிவிட்டது. அரிப்பு தாங்காமல் கதவு நிலையில் முதுகை உரசிக்கொண்டு நிற்பார். சில நாள் அங்கேயே நின்று அழுதும் இருக்கிறார். அரிப்பினால் அழுகிறேன் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார், பாவம்.

அப்படித்தான் ஓர் ஆடி மாசம் குருவிடம் வந்தார். சட்டையைக் கழற்றி முதுகைக் காட்டினார். ஆனால் மருந்து கேட்கவில்லை.

“அடுத்தவன் கையை எதிர்பாக்காம வாழ வழி உண்டா சாமி?”

குரு உள்ளே போய் ஒரு கைப்பிடி விதை கொண்டுவந்தார். கறுப்பாக, தட்டையாக இருந்தது.

“பீர்க்கு. போடுங்க அண்ணாச்சி. நார் எடுத்துக்கிட்டு வாங்க.”

அன்றிலிருந்து குற்றாலிங்கம் ஆள் மாறிப்போனார். விதை போட்டார், பந்தல் கட்டினார், மில்லில் வைத்திருந்த இரும்பு டேப்பை எடுத்துக் கொடியைத் தினமும் அளந்தார். இன்றைக்கு நாலு அங்குலம் ஓடியிருக்கிறது என்று சாயங்காலம் வந்து குருவிடம் சொல்லாவிட்டால் அவருக்குச் சாப்பாடு இறங்காது. முதல் மஞ்சள் பூ பூத்த அன்று, பூத்தது என்று சொல்வதற்காகவே ஒன்றரை கிலோமீட்டர் நடந்து வந்தார். முதல் பிஞ்சுக்கு ஓடி வந்தார் என்றே சொல்ல வேண்டும்.

பிஞ்சு இறங்கியதும் தெருவே பந்தலைச் சுற்றியது. கூட்டுக்கு ரெண்டு கொடுங்கள், துவையலுக்கு ஒன்று கொடுங்கள் என்று பெண்கள் கேட்டார்கள். ஒன்றும் கிடையாது என்றுவிட்டார். பீர்க்கங்காயை முற்றவிட்டு வேடிக்கை பார்க்கிற ஆளை இப்போதுதான் பார்க்கிறோம் என்று பேசிக்கொண்டார்கள். அவர் காதில் அது ஏறவே இல்லை.

ஆனால் பொறுமை இருக்க வேண்டுமே. பச்சையாக இருக்கும்போதே ஒன்றைப் பறித்து வெயிலில் காய வைத்தார். அது சுருங்கி, அழுகி, ஈ மொய்த்தது. அதையும் எடுத்துக்கொண்டு குருவிடம் போனார். குரு முகர்ந்து பார்த்தார்.

“இது குழம்புக்கும் ஆகாது, முதுகுக்கும் ஆகாது.”

எவ்வளவு நாள் விட வேண்டும் என்று கேட்டார் சீடர். அது கூப்பிடும் என்றார் குரு.

தை பிறந்து நாலாம் நாள் காலையில் கூப்பிட்டது. காற்றடிக்கும்போது பந்தலில் கலகலவென்று ஒரு சத்தம். காய் பழுப்பாகி, இலேசாகி, உள்ளே விதை உருண்டுகொண்டிருந்தது. குற்றாலிங்கம் பாதிச் சவரத்தில் இருந்தார். சோப்பு நுரையோடு ஏணியில் ஏறிவிட்டார்.

அதே தெருவில் இருக்கிற நானும் பார்த்தேன் அந்தக் காட்சியை. தண்ணீரில் ஊறப்போட்டு மேல்தோலை உரித்தபோது வழவழவென்று நுரை வந்தது. அலசி உதறினார். உள்ளேயிருந்து வெள்ளை வெளேரென்று ஒரு வலை வெளிப்பட்டது. ஆயிரம் இழை, ஒன்றோடொன்று பின்னி, ஒரு முடிச்சு இல்லாமல். மில்லில் முப்பத்தைந்து வருஷம் நூலைப் பார்த்த மனுஷர் அதைக் கையில் வைத்துக்கொண்டு திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

அப்படி ஒன்பது நார் தேறியது. குரு, சனிக்கிழமை படித்துறைக்குக் கொண்டுவரச் சொன்னார்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் உலகம்மை போன் செய்தாள். அப்பாவைத் தன்னோடு கோயம்புத்தூருக்கே அழைத்துக்கொண்டு போவதாகவும், வீட்டுச் சாமானெல்லாம் கட்டியாயிற்று என்றும், நாளைச் சாயங்காலம் ரயில் என்றும் சொன்னாள். ஒருதடவை வந்து பார்த்துவிட்டுப் போங்கள் பெரியப்பா என்றாள். சரி என்று மட்டும் சொல்லி போனை வைத்தார். வைத்த கையோடு கத்தரிக்கோலை எடுத்தார்.

சனிக்கிழமை அவர் கொண்டுவந்தது வெறும் நார் இல்லை. நாலு நாரை நீளவாக்கில் வெட்டி விரித்து, பழைய கித்தான் துணியின்மேல் வரிசையாகத் தைத்து ஒரு பட்டை செய்திருந்தார். இரண்டு முனையிலும் கடைந்தெடுத்த மரக் கைப்பிடி. முதுகுக்குப் பின்னால் போட்டு இரண்டு கையாலும் மாற்றி மாற்றி இழுத்தால் போதும். தோள்பட்டையிலிருந்து இடுப்பு வரை எட்டாத இடமே கிடையாது.

“கண்டுபிடிச்சிட்டேன் சாமி,” என்றார். “இனி எவன் கையும் வேண்டாம்.”

கூடவே ஒரு பேச்சுக்குச் சொல்வதுபோலத் தம்பி ஊரைவிட்டுப் போகிற சங்கதியையும் சொன்னார். போகட்டும், எனக்கென்ன வந்தது என்றார். குரு பட்டையைத்தான் கை நீட்டி ஆசையாக வாங்கிக்கொண்டார். தண்ணீரில் கொஞ்ச நேரம் முக்கி வைத்தார். விறைப்பு போய் நார் மெத்தென்று ஆனது. பொடியைக் குழைத்துப் பூசிக்கொண்டு, முழங்கால் தண்ணீரில் நின்று ஓர் இழுப்பு இழுத்தார்.

குரு சிரித்துவிட்டார். அவர் பல் தெரியச் சிரித்து யாரும் பார்த்ததில்லை.

அவ்வளவுதான், படித்துறையே கூடிவிட்டது. எனக்கு எனக்கு என்று ஆளாளுக்குக் கை நீட்டினார்கள். மாட்டாஸ்பத்திரி ஊழியர் ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு தேய்த்துக்கொண்டே இருந்தார், பிடுங்க வேண்டியதாகிவிட்டது. வெறிபிடித்த மாதிரி தேய்க்காதீர்கள், செத்த தோல்தான் போக வேண்டும், உயிருள்ள தோலை விட்டுவிடுங்கள் என்று குரு கரையிலிருந்து சத்தம் போட்டார். புண் இருக்கிறவன் தொடவே கூடாது என்றார். அவரவருக்குத் தனிப் பட்டைதான் நல்லது என்றும் சொன்னார். உடனே எனக்கொன்று செய்து தாருங்கள் என்று பதினோரு பேர் பெயர் கொடுத்தார்கள். குற்றாலிங்கத்துக்குத் தலைகால் புரியவில்லை.

கடைசியில் பட்டையை நன்றாக அலசி அவர் கையில் கொடுத்தார்கள்.

காலையிலேயே எண்ணெய் தேய்த்து ஊறவைத்திருந்தார். பொடியைப் பூசிக்கொண்டு மெல்ல இழுத்தார். மூன்று வருஷத்து முதுகு திரிதிரியாக உருண்டு வந்தது. ஆற்றுத் தண்ணீர் கொஞ்ச தூரத்துக்குக் கலங்கி ஓடியது. மறுபடி அலசினார், மறுபடி இழுத்தார். அரிப்பு அடங்கிய சுகத்தில் அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. தண்ணீரில் முங்கினார், எழுந்தார், முங்கினார். அறுபத்தொரு வயது ஆள் என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

ஈரம் சொட்டச் சொட்ட வந்து குருவின் முன்னால் முதுகைக் காட்டி நின்றார்.

“சுத்தமாயிட்டா சாமி?”

“சுத்தமாத்தான் இருக்கு.”

“பழையபடி ஆயிட்டா?”

“பழசு எப்படி இருந்துச்சு அண்ணாச்சி?”

குற்றாலிங்கம் யோசித்தார். அவர் அதைப் பார்த்ததே இல்லை. வீட்டில் பெரிய கண்ணாடி ஒன்றும் சின்னக் கண்ணாடி ஒன்றும் இருக்கிறது, எதிரும் புதிருமாக வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும் என்றார். ஃபிட்டர் மூளை அது, சும்மா இருக்காது.

“நானும் இருவது வருஷம் பின்னந்தலையைக் கண்ணாடியில காட்டியிருக்கேன்,” என்றார் குரு. “எல்லாரும் சரி சரின்னு தலையாட்டுவாங்க. ஒருத்தரும் பாத்ததில்ல. பாத்தாலும் அதுல இன்னைக்கு உள்ளதுதான தெரியும்?”

“நீங்க பாத்திருக்கியள்லா?”

“ஆடி மாசம்தான் பாத்தேன். அப்பவே கெட்டுப்போயிருந்துச்சு.”

குற்றாலிங்கம் திரும்பினார். காலையிலிருந்து முகத்தில் இருந்த சிரிப்பு இப்போது இல்லை.

“அப்ப நான் யாருகிட்ட கேக்க?”

குரு பட்டையைப் பிழிந்து, உதறி, வெயில் விழுகிற பாறைமேல் விரித்துப் போட்டார். அது சுருண்டுவிடாமல் இரண்டு பக்கமும் கல் வைத்தார்.

“நாப்பது வருஷம் பாத்த ஆளு சாயங்காலம் ரயிலேறுதாரு.”

குற்றாலிங்கம் ஈர வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தம்பி வீட்டுப் பக்கம் விறுவிறுவென்று படியேறினார். சட்டையைக் கையில்தான் வைத்திருந்தார், போட்டுக்கொள்ளவில்லை.