கரடு நகர்ந்த ஒரு முழம்

காளியண்ணனின் பிடிவாதம் லேசுப்பட்ட பிடிவாதம் இல்லை. ஊசிக்கரடு என்கிற பாறைக் குன்றின் மேல் இருக்கும் ஆசிரமத்துக்கு வந்த அன்றைக்கே கரட்டைச் சுற்றிலும் கல் நட்டார். கல்லுக்குக் கல் சுண்ணாம்புக் கோடு இழுத்தார். "செத்தாலும் இனி இந்தக் கோட்டைத் தாண்டறதில்லை" என்று உட்கார்ந்துவிட்டார். அது ஆயிற்று ஒன்பது வருஷம்.

ஒரு தலத்துக்குப் போய், கடைசி மூச்சு வரைக்கும் அதன் எல்லையைத் தாண்டாமல் இருப்பதற்கு க்ஷேத்திர சந்நியாசம் என்று பெயர். பெரிய விரதம்தான். கோபுரமும் குளமும் இருக்கிற ஊரில் எடுப்பார்கள். கள்ளிச்செடியும் ஆட்டுப் புழுக்கையும் தவிர ஒன்றுமில்லாத ஒரு மொட்டைக் கரட்டில் எடுத்த ஆள் இவர் ஒருத்தராகத்தான் இருக்கும்.

வேதவல்லி அம்மா அன்றைக்கே கேட்டார். "இதை நான் சொல்லலையே?"

"நீங்க சொல்லலீங்க. நானாத்தான் செய்யறனுங்க."

அம்மா தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனார். அவர்தான் ஆசிரமத்தின் குரு. காளியண்ணனை விடப் பதினைந்து வயது சின்னவர். அரியலூர்ப் பக்கம் பிறந்து, கல்லூரியில் நிலவியல் நடத்தி, ஒரு நாள் அதை விட்டுவிட்டு இந்தக் கரட்டுக்கு வந்து தியானம் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தவர். அவர் வாயிலிருந்து ஒரு வார்த்தையைப் பிடுங்குவதற்குள் நமக்கு மூச்சு முட்டிவிடும்.

காளியண்ணன் திருச்செங்கோட்டு ரிக் வண்டிக்காரர். ஆழ்துளைக் கிணறு போடுகிற வண்டியை எடுத்துக்கொண்டு முப்பது வருஷம் வடக்கே ஓடினவர். மராட்டியம், சத்தீஸ்கர், இமாசலம் என்று எங்கே தண்ணீர் இல்லையென்று கேள்விப்பட்டாலும் அங்கே இருப்பார். வீட்டில் சேர்ந்தாற்போல ஒரு மாதம் இருந்ததில்லை. அப்படி ஓடின மனுஷன் நின்றால் ஊர் சும்மா இருக்குமா? 'அசையாச் சாமி' என்று பேர் வைத்து, அமாவாசைக்கு அமாவாசை வந்து பார்த்துவிட்டுப் போனது. அந்தப் பேர் காதில் விழும்போதெல்லாம் காளியண்ணனுக்கு உள்ளே குளுகுளு என்றிருக்கும். ஒரு தடவை காற்றில் அவர் துண்டு பறந்துபோய்க் கோட்டுக்கு அந்தப் பக்கம் விழுந்தது. கையை நீட்டினால் எட்டும். நீட்டவில்லை. யாரோ வந்து எடுத்துக் கொடுக்கிற வரைக்கும் மண்டை காய்ந்துகொண்டு நின்றார்.

இந்த மனுஷனைத் தேடித்தான் அன்றைக்குக் காலையில் அவர் மகள் சுகந்தி வந்தாள். கோட்டுக்கு வெளியே ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு அங்கேயே நின்று பேசினாள்.

"அம்மாவுக்கு நெஞ்சுல வால்வு போயிருச்சுங்கப்பா. நாளைக்குக் கோயமுத்தூர்ல ஆபரேசன்."

காளியண்ணன் கோடு வரைக்கும் வந்து நின்றார். "நல்லபடியா ஆகும் அம்மிணி. நான் சாமிகிட்டச் சொல்றேன்."

"சாமிகிட்ட நாங்களே சொல்லிக்கறோம். அம்மா உங்களைக் கேக்குது. 'அந்த மனுசன் வந்து எதுத்தாப்பல நிக்கட்டும், அப்பறம் கத்தி வெக்கலாம்'னு சொல்லிருச்சு. எத்தனை எடுத்துச் சொன்னாலும் கேக்க மாட்டேங்குது. தள்ளிப் போட்டா உசுருக்கு உத்தரவாதமில்லைங்கறாரு டாக்டரு."

"நான் விரதத்துல இருக்கறனே, அம்மிணி."

"அம்மா ஆசுபத்திரியில இருக்குதுங்கப்பா!"

காளியண்ணன் கோட்டைப் பார்த்தார். முந்தாநாள்தான் புதுசாகச் சுண்ணாம்பு அடித்திருந்தார். பளீரென்று இருந்தது.

"நீங்க கல்லுங்கப்பா" என்றாள் சுகந்தி. அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தது அவளுக்கு. "நான் இந்தப் புளியமரத்தடியில உக்காந்திருக்கறேன். வந்தீங்கன்னா கூட்டிட்டுப் போறேன். வரலைன்னா, பொழுது எறங்கறப்ப நான் மட்டும் போறேன்."

காளியண்ணன் மேலே ஏறி ஓடினார். வேதவல்லி அம்மா ஆசிரம வாசலைக் கூட்டிக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கொட்டி முடித்துவிட்டு, "விரதமுங்களா, பொண்டாட்டிங்களா? நீங்களே ஒரு முடிவு சொல்லுங்கம்மா" என்றார்.

அம்மா விளக்குமாற்றைச் சுவரில் சாத்தினார். "உச்சிக்கு வாங்க."

உச்சிப் பாறையில் ஓர் இரும்புக் கம்பமும் அதன் தலையில் கவிழ்த்த கிண்ணம் போல ஒரு மூடியும் நின்றன. முந்தின வருஷம் பல்கலைக்கழகத்துக்காரர்கள் வந்து நட்டது. துளை போட்டது காளியண்ணன்தான். "துளை போடறது என்ர தொழிலுங்க, நீங்க தள்ளிக்கங்க" என்று அவர்கள் கையிலிருந்து கருவியைப் பிடுங்கியே போட்டார்.

"இது என்னன்னு தெரியுமா?"

"மழை அளக்கறதுங்க."

"இல்லை. இந்தக் கரடு எங்க இருக்குன்னு அளக்குது. வானத்துல சுத்தற செயற்கைக்கோள்களைக் கேட்டுக் கேட்டு அளக்குது."

"கரடு எங்கீங்க போவுது? இங்கதான் இருக்குது."

"போகுது" என்று வடகிழக்கே கை காட்டினார் அம்மா. "வருஷத்துக்கு ரெண்டு அங்குலம். நீங்க கோடு போட்டதிலேர்ந்து ஒரு முழம் போயிருக்கு."

காளியண்ணன் காலுக்குக் கீழே பார்த்தார். பிறகு சிரித்தார். "நான் ஆயிரம் அடி எறக்கிப் பாத்தவனுங்க. அத்தனையும் இரும்பாட்டம் கல்லு. அது போறதாவது!"

"அந்த ஆயிரம் அடியும் போகுது. அதுக்குக் கீழ பல மைல் ஆழத்துக்குக் கல்லு, அதுவும் போகுது. இங்கேர்ந்து இமயமலை வரைக்கும் ஒரே பாளம்."

"எங்கிருந்துங்க கெளம்புச்சு?"

"தெற்கே இருந்து. தென்துருவத்துப் பனிக்கண்டத்தோடயும் மடகாஸ்கரோடயும் ஒண்ணா ஒட்டிக்கிட்டிருந்த நெலம் இது. பிரிஞ்சு, கடலைக் கடந்து, போய் ஆசியாவுல முட்டுச்சு. முட்டின எடந்தான் இமயமலை."

காளியண்ணன் கண்ணைச் சுருக்கினார். "இமாசலத்துல ரோடு வெட்டறப்ப ஒடச்ச கல்லுக்குள்ள சங்கு பாத்திருக்கறனுங்க. அத்தனாம் பெரிய மலைமேல சங்கு எப்படீன்னு நாங்க பேசிக்கிட்டோம். ஆரோ வெளையாட்டுக்குப் பதிச்சு வெச்சிருப்பாங்கன்னு விட்டுட்டோம்."

"நடுவுல இருந்த கடலோட தரை அது. ரெண்டு நெலம் நசுக்கினதுல மேல வந்துடுச்சு. இன்னும் முட்டிக்கிட்டுத்தான் இருக்கு."

 கண்ணை மூடிக்கொண்டு தாம் உட்கார்ந்திருந்த நாளையெல்லாம் காளியண்ணன் நினைத்துப் பார்த்தார். உட்கார்ந்தபடியே ஒரு முழம் போயிருக்கிறோமே!

"அப்ப என்ர கோடு?"

"கோடும் போகுது. கல்லும் போகுது. கோட்டுக்குள்ள நீங்களும் போறீங்க."

அவ்வளவுதான். காளியண்ணன் முகம் வெளிச்சமாகிவிட்டது. "அட, அப்ப விரதம் எப்பவோ முறிஞ்சு போச்சுங்களே! கோடு போட்ட அன்னிக்கே முறிஞ்சுருச்சு! நான் போனா ஒரு பாவமுமில்லீங்க!" என்று வேட்டியை மடித்துக் கட்டினார். சரசரவென்று பாதி தூரம் இறங்கியும்விட்டார்.

"அண்ணா" என்று கூப்பிட்டார் அம்மா. "அங்க போய் என்ன சொல்வீங்க?"

"எதைங்க?"

"ஏன் வந்தீங்கன்னு உங்க வீட்டுக்காரம்மா கேட்டா?"

"கரடு நகந்துருச்சு புள்ள, அதனால..." என்று ஆரம்பித்தவருக்குத் தம் குரல் தம் காதிலேயே விழுந்தது. நெஞ்சில் கத்தி வைக்கப் போகிறவள் முன்னால் நின்றுகொண்டு இதையா சொல்வது? காது மடல் சூடேறிற்று. திரும்பி ஏறி வந்து பாறையில் தொப்பென்று உட்கார்ந்தார்.

உட்கார்ந்ததும் கோபம் வந்தது. "பின்ன என்னதானுங்க பண்ணச் சொல்றீங்க? போனாலும் தப்பு, நிண்டாலும் தப்புங்களா? ஒம்பது வருசம் இம்மி அசையாம இருந்தவனுங்க நான். நான் அசைஞ்சனா? கரடுதான அசைஞ்சுது! நான் நிண்டதுக்கு ஒரு மதிப்புமே இல்லீங்களா?"

அம்மா கீழே இறங்கிப் போனார். ஆசிரமத்து வாசலின் மூங்கில் படலைக் கட்டி வைப்பதற்குப் பழைய லாரி டியூபை நீளவாக்கில் அறுத்து வைத்திருப்பார்கள். அதில் ஒன்றை எடுத்து, படலுக்கு முட்டுக் கொடுத்திருந்த கல்லைச் சுற்றிக் கட்டினார். காளியண்ணனைக் கூப்பிட்டு மறுமுனையைக் கையில் கொடுத்தார்.

"இழுங்க. மெதுவா."

காளியண்ணன் இழுத்தார். கல் அசையவில்லை. டியூப் நீண்டது.

"இன்னும்."

"நகரலீங்க."

"இன்னும் கொஞ்சம்."

அவர் கால் இரண்டையும் ஊன்றிக்கொண்டு இழுத்தார். டியூப் மெலிந்து வெளுத்தது.  கல் மட்டும் பேசாமல் கிடந்தது. "அட, இதென்னுங்க..." என்று வாயைத் திறந்தார், அவ்வளவுதான். கல் துள்ளி வந்து பக்கத்தில் தண்ணீர் நிறைந்திருந்த மண்தொட்டியில் மோதியது. தொட்டி இரண்டாகப் பிளந்தது. காளியண்ணன் மல்லாக்க விழுந்தார். தண்ணீர் முழுக்க அவர் வேட்டிக்கடியில் ஓடியது.

அம்மா கை கொடுத்துத் தூக்கிவிட்டார். "நிலநடுக்கம் இப்படித்தான் வருது. பாளத்தோட ஓரம் ஒரு எடத்துல சிக்கிக்கிட்டு நின்னுடும். நூறு வருஷம் கூட நிக்கும். பாக்கறவங்களுக்கு அங்க ஒண்ணுமே நடக்காத மாதிரி இருக்கும்."

"கல்லு நிண்டுச்சுங்களே?"

"நின்னுச்சு. டியூப் நின்னுச்சா?"

காளியண்ணன் உள்ளங்கையைப் பார்த்தார். ரப்பர் அழுந்திச் சிவந்திருந்தது. பார்த்துக்கொண்டே இருந்தவர் திடீரென்று பேச ஆரம்பித்தார். கேட்டு வாங்காமலே வந்தது பேச்சு.

"வண்டியை வித்துப் போட்டு வூட்டுக்கு வந்தனுங்க. இனி எம்பொண்டாட்டி பாவாயி கூடவே இருக்கலாம்னு ஆசையா வந்தேன். எங்க உக்காந்தாலும் அவளுக்கு எடஞ்சலாவே இருந்துச்சு. ஒரு நாள் மாட்டுக்குத் தண்ணி காட்டறதுல ஒரு சண்டை. இது கூடவா சண்டைன்னு நீங்க சிரிப்பீங்க. 'நீங்க இல்லாமயே முப்பது வருசம் இந்தப் பண்ணயம் நடந்துச்சு'ன்னுட்டா. அவ சொன்னது நெசமுங்க. நெசமா இருந்ததுனாலதான் எனக்குத் தாங்கல."

"அன்னிக்குத்தான் இங்க வந்தீங்க."

"ஆமாங்க. நேரா இங்கதான் வந்தேன்."

"கோடு போட்டீங்க."

"போட்டேன்."

"சாமிக்காகவா?"

காளியண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். 

"அவ வந்து கூப்புடுவான்னுங்க" என்றார். சொல்லிவிட்டு, சின்னப்பிள்ளை மாதிரி விசும்பினார். ஊரே கும்பிட்ட அசையாச் சாமி, ஈர வேட்டியோடு உட்கார்ந்து விசும்பியது.

அம்மா அவர் முகத்தைப் பார்த்தார். "இப்ப கூப்பிட்டிருக்காங்களே."

காளியண்ணன் மூக்கைச் சிந்திக்கொண்டு எழுந்தார். வேட்டியைக் கூட மாற்றவில்லை. "போறனுங்க. விரதம் முறியுதா, முறியட்டும். இத்தனை நாளும் என்ர வீம்பு, அதைச் சாமி தலையில கட்டி வெச்சுட்டேன். அவ திட்டுனாலும் சரி, மூஞ்சியைத் திருப்பிக்கிட்டாலும் சரி. ஆசுபத்திரி வாசல்லயே நிக்கறேன். நிக்கறதுக்கு எனக்குச் சொல்லியா குடுக்கோணும்!"

கரட்டிலிருந்து இறங்கினார். அம்மாவும் கூடவே இறங்கினார். புளியமரத்தடியில் இருந்த சுகந்தி இவர்களைப் பார்த்ததும் சட்டென்று எழுந்து நின்றாள். ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் அப்பா திரும்பிப் போய்விடுவாரோ என்று அவளுக்குப் பயம். ஸ்கூட்டரை மட்டும் திருப்பி நிறுத்தினாள்.

கோடு வரைக்கும் வேகமாக வந்த காளியண்ணன் கோட்டருகில் நின்றார். 

"விரதத்துக்காக யோசிக்கலீங்கம்மா" என்றார் காளியண்ணன், குருவிடம் திரும்பாமலே. "அதை விட்டாச்சு. வேற ஒரு பயமுங்க."

"சொல்லுங்க."

"ஒம்பது வருசமாச்சு. எத்தனை நாள் எம்பேரைச் சொல்லி அழுதாளோ, எத்தனை நாள் வெறுத்தாளோ. நான் விட்டுட்டு வந்த எடத்துலயே அவ இன்னும் இருப்பாளுங்களா?"

அம்மா கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்றபடியே சொன்னார்.

"நீங்க உக்காந்திருந்த பாறையே நீங்க உக்காந்த எடத்துல இல்லை. அவங்க எப்படி இருப்பாங்க? போய்த் தேடுங்க."