மாறாத ஐந்து குறிக்கோள்கள்

“சிதம்பரநாதன் சாரோட ஸ்டூடண்ட் யார் வந்தாலும் இந்தக் குறிக்கோள் பக்கம் மட்டும் மாறவே மாறாது” என்று ஜெராக்ஸ் கடைக்காரர் யாரிடமோ சொன்னது பூங்கோதையின் காதில் விழுந்தது.

கிராம மருத்துவமனைகளின் நோயாளிப் பதிவுகளைக் கிளவுட் என்னும் இணையச் சேமிப்பில் பத்திரமாக வைப்பதுதான் அவளது முனைவர் பட்ட ஆய்வின் நோக்கம். வழிகாட்டியான சிதம்பரநாதன் எழுதித் தந்த ஐந்து குறிக்கோள்களும் சர்வரின் வேகத்தைப் பற்றியே பேசின. “இதை அப்படியே வச்சாத்தான் கையெழுத்து. இல்லேன்னா உன் பிஎச்.டி. பதிவு ரத்து” என்றிருந்தார்.

மறுநாள் ஆய்வுக் குழுவின் முன்னால் பூங்கோதை மூன்று தாள்களை அவரிடம் நீட்டினாள். அவளுடையதும், ஜெராக்ஸ் கடையில் கிடைத்த அவருடைய வேறு இரண்டு மாணவர்களுடையதுமான குறிக்கோள்கள். பெயரும் தலைப்பும் மறைக்கப்பட்டிருந்தன.

“இதுல என்னோடது எதுன்னு சொல்லுங்க சார். அதையே வச்சுக்கறேன்.”

அவர் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். மூன்றிலும் அதே ஐந்து வரிகள். குழுவினரும் எட்டிப் பார்த்தார்கள்.

சிதம்பரநாதன் பேனாவைத் திறந்து ஐந்து வரிகளையும் கோடிட்டு அடித்தார். ஒரு வெற்றுத்தாளை எடுத்து அவள் பக்கம் நகர்த்தினார்.